ஓட்டைகளோடு மல்லுக்கட்டிய அட்மிரல்

பின்லாந்துக் கரையோரக் கடல் முழுக்கச் சின்னச் சின்னப் பாறைத் தீவுகள். 1869இல் அவற்றின் இடுக்கு வழியே போய்க்கொண்டிருந்த ‘ருசால்கா’ என்ற ரஷ்யக் கவசக் கப்பல், நீருக்கடியில் இருந்த ஒரு பாறையில் உரசியது. மோதல் பெரிதில்லை, விழுந்த ஓட்டையும் சின்னதுதான். ஆனாலும் கப்பல் மூழ்கும் நிலைக்குப் போய்விட்டது. நீரிறைக்கும் பம்புகள் கப்பலில் இருந்தன. தண்ணீர் புகுந்த அறையிலிருந்து பம்பு இருக்கும் இடத்துக்கு அது வந்து சேர வழிதான் இல்லை. வாசலில் வெள்ளம், மோட்டார் கொல்லைப்புறத்தில் என்கிற கதை.

கப்பல் தப்பியது. ஆனால் அதில் இருந்த 20 வயது இளநிலை அதிகாரி ஒருவருக்கு விஷயம் அத்தோடு முடியவில்லை. இவ்வளவு சின்ன ஓட்டை இவ்வளவு பெரிய கப்பலை எப்படி மூழ்கடிக்கப் பார்த்தது என்று கணக்குப் போட்டார். எல்லா அறைகளையும் இணைத்து அடிப்பகுதியில் ஒரே பெரிய குழாய் ஓடினால், எந்த அறையில் நீர் புகுந்தாலும் எந்தப் பம்பாலும் இறைக்கலாம் என்று எழுதினார். ஓட்டைக்கு வெளிப்புறமாகப் போர்த்தி இறுக்கக்கூடிய தடித்த பாய் ஒன்றை முன்கூட்டியே தைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றார். ஓட்டை விழுந்த பிறகு பாய் தைக்க உட்காருவது அன்றைய வழக்கம். அடுத்த ஆண்டு ரஷ்யக் கடற்படையின் சொந்த மாத இதழில் அந்தக் கட்டுரை வந்தது. 1873இல் வியன்னா உலகக் கண்காட்சியில் அந்தப் பாயைக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

எழுதியவர் ஸ்தெபான் ஓசிப்போவிச் மகாரோவ். கப்பலை மூழ்காமல் வைத்திருப்பது எப்படி என்ற அந்த ஒரு கேள்வியை அடுத்த 35 ஆண்டுகள் விடவில்லை. கடைசியில் அவர் நின்ற கப்பல் இரண்டே நிமிடத்தில் மூழ்கியது.

(அன்றைய ரஷ்யாவின் நாட்காட்டி நம்முடையதைவிட 12, 13 நாள் பின்தங்கி ஓடியது. இங்கே வரும் தேதிகள் நம் நாட்காட்டிப்படி.)

மகாரோவ் பிறந்தது 1849 ஜனவரி 8 அன்று, கருங்கடலுக்கு அருகே கப்பல் கட்டும் ஊரான நிக்கோலாயெவில். இன்று அது உக்ரைனின் மிக்கோலாயிவ். அப்பா சிப்பாய்க் குடும்பத்தில் பிறந்து, அடிமட்டத்திலிருந்து ஏறிக் கடற்படையில் சிறு அதிகாரி ஆனவர். ஸ்தெபானுக்கு ஒன்பது வயதானபோது அவருக்குப் பசிபிக் கரைக்கு மாற்றல் வந்தது. ஆமூர் நதி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர், பெயர் நிக்கோலாயெவ்ஸ்க். நிக்கோலாயெவிலிருந்து நிக்கோலாயெவ்ஸ்குக்கு என்று சொன்னால் பக்கத்துத் தெருவுக்குப் போன மாதிரி இருக்கும். நடுவில் சைபீரியா முழுவதும் கிடக்கிறது.

அந்தக் காலத்து ரஷ்யக் கடற்படையில் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் முதல் கேள்வி. தலைநகரில் இருந்த கடற்படைக் கல்லூரி பிரபுக்களின் பிள்ளைகளுக்கானது. அங்கே படித்தவர்கள்தான் கப்பலுக்குத் தலைவர்கள், பின்னாளில் அட்மிரல்கள். மகாரோவ் படித்ததோ நிக்கோலாயெவ்ஸ்கில் இருந்த வழிகாட்டி மாலுமிகளுக்கான பள்ளியில். திசையும் ஆழமும் கணிக்கும் அந்தப் பிரிவினர் இல்லாமல் கப்பல் நகராது. ஆனால் உணவு மேசையிலும் பதவி உயர்விலும் அவர்கள் இரண்டாம் தரம்தான். 1865இல் முதல் மாணவனாகத் தேறிய பையனை அந்தப் பிரிவிலேயே விட்டுவிட மேலதிகாரிகளுக்கு மனமில்லை. சிறப்பு அனுமதி வாங்கிப் போர் அதிகாரிகளின் வரிசைக்கு மாற்றினார்கள். ஒரு கதவு விதிவிலக்காகத் திறந்தது என்பதை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் உயர்பதவியில் இருந்தபோதும் மாலுமிகளின் சாப்பாட்டை, அடுப்பை, உடையை விடாமல் கவனித்த அட்மிரல்கள் அங்கே அதிகம் பேர் இல்லை.

1877இல் துருக்கியோடு போர் மூண்டது. ரஷ்யாவின் நிலைமை பரிதாபம். கிரிமியப் போரில் தோற்றதால், 1856 பாரிஸ் உடன்படிக்கைப்படி கருங்கடலில் போர்க்கப்பல் படை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டிப்போட்டிருந்தார்கள். 1871இல் அந்தத் தடை நீங்கியது. ஆனால் ஆறு ஆண்டில் ஒரு கப்பற்படை முளைத்துவிடுமா? எதிர்ப்பக்கம் துருக்கியிடம் ஒரு பெரிய கவசக் கப்பல் படையே இருந்தது.

28 வயது மகாரோவ் ஒரு யோசனை சொன்னார். வேகமாக ஓடும் ஒரு பயணிகள் நீராவிக் கப்பலைக் கொடுங்கள். அதன் மேல் நான்கு சின்ன நீராவிப் படகுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறேன். எதிரித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இருட்டில், படகுகளைக் கடலில் இறக்குகிறேன். அவை போய் வெடிவைத்துவிட்டு வரட்டும், திரும்பத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் ஓடிவிடுகிறேன். ‘கிராண்ட் ட்யூக் கான்ஸ்டான்டின்’ என்ற கப்பல் கிடைத்தது. இன்றைய விமானந்தாங்கிக் கப்பலின் அடிப்படை யோசனையும் ஏறக்குறைய இதுதான்: தாய்க்கப்பல் தூரத்தில் நிற்கும், குட்டிகள் போய்க் கடிக்கும்.

முதலில் எதுவும் சரியாக வரவில்லை. 1877 மே மாதம் பத்தூமி துறைமுகத்தில் நடந்த முதல் தாக்குதலில், வெடிகுண்டு எதிரிக் கப்பலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தும் வெடிக்கவில்லை. ஆகஸ்டில் சுகுமி துறைமுகத்தைத் தாக்கியபோது வானத்தையே துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். அன்று முழு சந்திர கிரகணம், நிலா மறைந்த நேரத்தில் படகுகள் உள்ளே போயின. துருக்கியக் கவசக் கப்பல் ஒன்று சேதமடைந்தது. பிறகு கையில் கிடைத்தது ‘ஒயிட்ஹெட்’ டார்பிடோ, தன் சொந்த எந்திரத்தில் நீருக்கடியில் ஓடிப்போய் மோதும் குண்டு. டிசம்பரில் விட்ட இரண்டும் குறி தப்பின. 1878 ஜனவரி 26 அதிகாலை, பத்தூமியில், மகாரோவின் இரண்டு படகுகள் மிக அருகே நெருங்கி விட்ட டார்பிடோக்களில் ‘இன்டிபா’ என்ற துருக்கிய நீராவிக் கப்பல் மூழ்கியது. தானாக ஓடும் டார்பிடோவால் போரில் மூழ்கடிக்கப்பட்ட முதல் கப்பல் என்று கடற்படை வரலாறுகள் பொதுவாக இதைத்தான் குறிக்கின்றன. வீரப் பதக்கம், தங்கவாள், அடுக்கடுக்காகப் பதவி உயர்வு எல்லாம் அந்தப் போரில் வந்தன.

இந்த இரவுத் தாக்குதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் பெரிய கப்பல், இருட்டில் வரும் சின்னப் படகு, ஒரு டார்பிடோ. 26 ஆண்டு கழித்து இதே காட்சி ஆள்மாறி நடக்கப் போகிறது.

போர் முடிந்ததும் வந்த வேலை சுகமானது. 1881இல் ‘தமான்’ என்ற கப்பலோடு கான்ஸ்டான்டினோபிளில் ரஷ்யத் தூதருக்குத் துணையாக நிற்க வேண்டும். விருந்துக்குப் போகலாம், நடனம் ஆடலாம். மகாரோவின் காதில் அங்கே ஒரு பேச்சு விழுந்தது: போஸ்பரஸ் ஜலசந்தியில் மேலே ஓடும் நீரோட்டம் ஒரு பக்கம், அடியில் ஓடுவது எதிர்ப்பக்கம் என்று. சிலர் அதெல்லாம் கட்டுக்கதை என்றார்கள். அவர் ஒரு படகில் நடு ஜலசந்திக்குப் போனார். நீர் நிரம்பிய ஒரு பீப்பாயைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கினார். பீப்பாய் ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத் தொட்டதும், மேல்நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்த படகு நின்று, பிறகு அதற்கு எதிராகவே நகரத் தொடங்கியது. அடியில் ஓடும் நீர் பீப்பாயை இழுக்க, பீப்பாய் படகை இழுத்தது.

பீப்பாயோடு நிற்கவில்லை. நீருக்கடியில் நீரோட்டத்தின் வேகத்தை அளக்கத் தானே ஒரு கருவி செய்தார். ஆயிரக்கணக்கான அளவீடுகள் எடுத்தார். காரணத்தையும் தெளிவாகச் சொன்னார். டான்யூப், நீப்பர் போன்ற பெரிய ஆறுகள் கொட்டுவதால் கருங்கடலில் உப்பு குறைவு, ஆயிரத்துக்குச் சுமார் 18 பங்குதான். மத்தியதரைக் கடலில் அது 38 வரை போகும். உப்பு மிகுந்த நீர் கனமானது. எனவே லேசான கருங்கடல் நீர் மேலாக வெளியே போகிறது, கனமான நீர் அடியால் உள்ளே வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் மார்சிலி என்ற இத்தாலியர் இதே முடிவுக்கு வந்திருந்தார் என்றாலும், ஒரு ஜலசந்தியை இவ்வளவு அளந்து எண்களோடு காட்டியது மகாரோவின் வேலை. 1885இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு ரஷ்ய அறிவியல் கழகம் பரிசளித்தது.

அடுத்து 1886 முதல் 1889 வரை ‘வித்யாஸ்’ கப்பலில் உலகப் பயணம். போர்க்கப்பல்தான், பயிற்சிப் பயணம்தான். ஆனால் போகிற வழியெல்லாம் கடலின் வெப்பநிலையும் அடர்த்தியும் ஆழத்துக்கு ஆழம் அளக்கப்பட்டன. இந்த வேலைக்காக யாரும் தனியாகப் பணமோ ஆளோ தரவில்லை. ‘வித்யாஸும் பசிபிக் பெருங்கடலும்’ என்ற அவருடைய நூல் 1894இல் வந்தது. மொனாக்கோவில் இருக்கும் கடலாய்வு அருங்காட்சியகத்தின் முகப்பில், புகழ்பெற்ற ஆய்வுக் கப்பல்களின் வரிசையில் ‘வித்யாஸ்’ பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது.

1890இல், 41 வயதில், மகாரோவ் ரியர் அட்மிரல் ஆனார். மறு ஆண்டு கடற்படைப் பீரங்கிகளுக்குத் தலைமை ஆய்வாளர். எஃகுக் கவசத்தைத் துளைக்கும் குண்டின் முனையில் மென்மையான இரும்புத் தொப்பி ஒன்றை மாட்டினால் குண்டு நொறுங்காமல் துளைக்கும் என்று கண்டது இந்தக் காலத்தில். சோதனைக்கு வைத்த கவசத் தகட்டைத் தவறுதலாகத் திருப்பி வைத்ததில்தான், அதாவது மென்மையான பக்கம் முன்னால் வந்ததில்தான், இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். கொடி அசைத்துச் செய்தி சொல்லும் ரஷ்ய எழுத்து முறையை 1895இல் வகுத்தவரும் இவரே.

அவரைப் புகழ்கிறவர்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகும் இடமும் இங்கேதான் இருக்கிறது. எடை குறைந்த குண்டுகளை ரஷ்யக் கடற்படை ஏற்றது 1892இல், அவர் அந்தப் பதவியில் இருந்தபோது. கிட்டத்தில் சுட்டால் அவை வேகமாகப் போய் நன்றாகத் துளைக்கும். ஆனால் அடுத்த பத்தாண்டில் போர்க்கப்பல்கள் சண்டையிடும் தூரம் கூடிக்கொண்டே போனது. அந்தத் தூரத்தில் லேசான குண்டுக்கு வலு போதவில்லை. 1905இல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் அதன் விலை தெரிந்தது. பெரிய போர்க்கப்பல்கள் எதற்கு, 3,000 டன்னில் வேகமான சின்னக் கப்பல்களை நிறையக் கட்டுங்கள் என்று அவர் விடாமல் வாதாடியதும் அப்படித்தான். டார்பிடோவால் பெயர் வாங்கியவர் டார்பிடோவின் கண்ணால் உலகைப் பார்த்தார். அவர் காலத்துப் போர்களை முடிவு செய்தவை பெரிய கப்பல்களே.

ஓட்டைகள் விஷயத்தில் மட்டும் நிகழ்வுகள் திரும்பத் திரும்ப அவர் பக்கமே சாட்சி சொல்லின. 1893 ஜூனில் பிரிட்டிஷ் கொடிக்கப்பல் (படைத் தளபதி இருக்கும் கப்பல்) ‘விக்டோரியா’, பயிற்சியின்போது தன் படையின் இன்னொரு கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது. 358 பேர் போனார்கள். மகாரோவ் அதே கப்பலின் மாதிரியைச் செய்து, பீட்டர்ஸ்பர்க்கில் நீர்த்தொட்டியில் விட்டு, ஓட்டை போட்டு, அது எப்படிச் சாய்ந்து கவிழ்கிறது என்று எல்லார் கண்முன்னும் காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு செய்தி. அவருக்கு முதல் பாடம் சொல்லித்தந்த ‘ருசால்கா’, ரேவலிலிருந்து (இன்றைய தாலின்) ஹெல்சிங்கிக்குக் கிளம்பிய வழியில் புயலில் காணாமல் போனது. 177 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அதை 2003இல்தான் கண்டுபிடித்தார்கள். அணியம், அதாவது முன்பகுதி, கீழாக, கடலடிச் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நிற்கிறது கப்பல்.

‘போரை மறவாதே’ என்பது மகாரோவின் தாரக மந்திரம். கடற்போர் உத்திகளைப் பற்றி 1897இல் எழுதிய நூலில் அதைப் பொறித்தார். அமைதிக் காலத்தில் கப்பலுக்கு வர்ணம் பூசி, பித்தளையைத் துலக்கி, அணிவகுப்பு நடத்தியே கடற்படை துருப்பிடிக்கிறது என்பது அவர் கோபம். நூல் ஜப்பானிய மொழியிலும் வந்தது. அங்கே படித்தார்கள்.

இதற்கு நடுவில் அவருடைய மிகப் பெரிய கனவு ஒன்று இருந்தது: வடதுருவத்தை முட்டி மோதி உடைத்துக்கொண்டே போய்ச் சேர்வது. 1897இல் அவர் நிகழ்த்திய பேருரையின் தலைப்பே அதுதான். ரஷ்யாவின் துறைமுகங்கள் ஆண்டில் பல மாதம் பனியில் உறைந்து கிடக்கும். அந்த நாட்டின் முகப்பு முழுவதும் ஆர்க்டிக்கைப் பார்த்து நிற்கிறது, அந்தக் கதவைத் திறக்க ஒரு வலிமையான கப்பல் போதும் என்றார். வேதியியல் அறிஞர் மெண்டலீவும் நிதியமைச்சர் வித்தேயும் ஆதரித்தார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில், ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தில், ‘யெர்மாக்’ உருவானது.

பனி உடைக்கும் கப்பல் பனியைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு போகும் என்று நாம் கற்பனை செய்கிறோம். அப்படி இல்லை. அதன் அணியம் சாய்வாக இருக்கும். எந்திரத்தின் பலத்தில் கப்பல் பனியின் மேல் ஏறி உட்காரும். அதன் எடை தாங்காமல் பனி உடையும். மறுபடி ஏறும், மறுபடி உடைக்கும். பீட்டர்ஸ்பர்க்குக்குப் பக்கத்துத் துறைமுகமான க்ரோன்ஸ்டாட்டில் பிரித்னெவ் என்ற வணிகர் 1864இலேயே ஒரு சின்னப் படகின் முன்பக்கத்தை இப்படிச் செதுக்கி ஓட்டியிருந்தார். ‘யெர்மாக்’ அதைப் பல்லாயிரம் டன் அளவுக்குப் பெரிதாக்கியது. 1899 மார்ச்சில் அது பின்லாந்து வளைகுடாவின் பனியைப் பிளந்துகொண்டு க்ரோன்ஸ்டாட்டுக்கு வந்தபோது, மக்கள் பனியின் மேலேயே நடந்தும் சறுக்கியும் வந்து கப்பலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஆர்க்டிக் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டு கோடையில் ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் போன ‘யெர்மாக்’ பழம்பனியில் மோதி அணியத்தில் ஓட்டை வாங்கிக்கொண்டு திரும்பியது. கடற்படையில் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். விசாரணைக் குழு, கண்டன அறிக்கை எல்லாம் வந்தன. 1901இல் இன்னொரு முயற்சி. நோவாயா செம்லியா தீவுகளின் வடமுனையைச் சுற்றிப் போவதுதான் திட்டம். ஏறக்குறைய ஒரு மாதம் பனியில் சிக்கி நின்றது கப்பல். அதற்குள் மெண்டலீவோடும் மனக்கசப்பாகிவிட்டது. யார் தலைமை, எந்த வழி என்பதில் இரண்டு பெரிய மனிதர்களும் இறங்கி வரத் தயாராக இல்லை. அத்தோடு ஆர்க்டிக் கனவை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ‘யெர்மாக்’ பால்டிக் துறைமுகங்களுக்கு வழி திறக்கும் வேலைக்குப் போனது.

நடுவில் 1900 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ‘ஜெனரல்-அட்மிரல் அப்ராக்சின்’ என்ற போர்க்கப்பல் 1899 நவம்பரில் பின்லாந்து வளைகுடாவின் கோக்லாந்து தீவில் பாறைமேல் ஏறி, பனியில் மாட்டிக்கொண்டிருந்தது. உதவிக்கு ‘யெர்மாக்’ போனது. தீவுக்கும் கரைக்கும் தந்திக்கம்பி இல்லை. ரஷ்ய இயற்பியலாளர் அலெக்சாந்தர் போப்போவ் தன் கம்பியில்லாத் தந்தியை, சுமார் 45 கிலோமீட்டர் இடைவெளியில், அங்கே நிறுவினார். அதில் வந்த முதல் செய்திகளில் ஒன்று: லாவென்சாரி தீவுப் பக்கம் பனித்திட்டு உடைந்து மீனவர்களோடு கடலுக்குள் போய்விட்டது, உதவுங்கள். ‘யெர்மாக்’ போய் 27 மீனவர்களை மீட்டது. வானொலி அலை மனித உயிரைக் காப்பாற்றிய ஆரம்பக் கதைகளில் இது ஒன்று. போப்போவின் அலையும் மகாரோவின் கப்பலும் சேர்ந்து செய்தது.

1904 பிப்ரவரிக்கு வருவோம். மகாரோவ் அப்போது க்ரோன்ஸ்டாட் துறைமுகத் தளபதி. ஜப்பானோடு உறவு முறிந்துவிட்டது. ரஷ்யாவின் பசிபிக் படை, சீனாவிடம் குத்தகைக்கு வாங்கிய போர்ட் ஆர்தரில், துறைமுகத்துக்கு வெளியே திறந்த கடலில் வரிசையாக நங்கூரமிட்டு நின்றது. காரணம் துறைமுக வாய். அது குறுகல், ஆழமும் போதாது. பெரிய கப்பல்கள் கடல் பெருக்கின்போது மட்டும் ஒவ்வொன்றாக வெளியே வர முடியும். உள்ளே இருந்தால் அவசரத்துக்கு வெளிவர முடியாது என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி 8 அன்று மகாரோவ் கடற்படை அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கப்பல்களை உள்ளே கொண்டுபோங்கள், வெளியே நிறுத்தினால் எதிரி இரவில் வருவான், முதல் தாக்குதலில் பெரிய விலை கொடுத்த பிறகு எப்படியும் உள்ளேதான் கொண்டுபோகப் போகிறீர்கள் என்பது அதன் சாரம்.

அவருக்கு இது ஜோசியம் இல்லை. பத்தூமியில் தான் செய்ததை ஜப்பானியர் செய்வார்கள் என்று தெரியாமல் போகுமா? கடிதம் எழுதிய அதே இரவு ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள் வந்தன. ‘ரெத்விசான்’, ‘செசாரெவிச்’ என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் ‘பல்லாதா’ என்ற குரூசரும் (அவற்றைவிடச் சின்ன, வேகமான போர்க்கப்பல்) டார்பிடோ வாங்கின.

பிறகென்ன, மகாரோவைக் கூப்பிட்டார்கள். ரயிலில் சைபீரியாவைக் கடந்து மார்ச் 8 அன்று போர்ட் ஆர்தருக்கு வந்தார். அன்றைக்கே, தரைதட்டிக் கிடந்த ‘ரெத்விசான்’ மிதந்து துறைமுகத்துக்குள் வந்தது. மாலுமிகள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் விடியலில் ‘ஸ்தெரெகூஷி’ என்ற நாசகாரிக் கப்பலை ஜப்பானியர்கள் சூழ்ந்துகொண்ட செய்தி வந்தது. மகாரோவ் பெரிய கப்பல் நீராவி ஏற்றும்வரை காத்திருக்கவில்லை. படையிலேயே சின்ன குரூசரான ‘நோவிக்’கில் ஏறிப் பாய்ந்தார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் நீண்ட இரட்டைத் தாடி காற்றில் பறக்க, சின்னக் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு திரும்பிய அட்மிரலைத் துறைமுகம் முழுக்கப் பார்த்தது. அதுவரை அந்தப் படையில் யாரும் அப்படிச் செய்து பார்த்திருக்கவில்லை.

முன்பெல்லாம் முழுப் படையும் துறைமுகத்தை விட்டு வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள், இரண்டு கடல் பெருக்குகள் பிடித்தன. அவர் அதை ஒரே பெருக்குக்குள் கொண்டுவந்தார். எதிரியின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்ய உத்தரவிட்டார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஜப்பானியர் குண்டு போட்டால், மலைமேல் ஆள் நிறுத்திக் குறி சொல்லவைத்து, துறைமுகத்துக்குள் இருந்தபடியே பதிலடி கொடுத்தார். பயிற்சியில் ‘செவஸ்தோபோல்’ இன்னொரு போர்க்கப்பலோடு மோதியபோது அதன் தலைவரை நீக்கிவிட்டு, ‘நோவிக்’கின் தலைவர் நிக்கோலாய் வான் எஸ்ஸெனை அங்கே போட்டார். சின்னக் கப்பலின் ஆளுக்கு இவ்வளவு பெரிய கப்பலா என்று மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். ஆர்க்டிக் பயணத்திலிருந்து நேரே போருக்கு வந்த அலெக்சாந்தர் கொல்சாக் என்ற இளைஞர் நாசகாரிக் கப்பல் கேட்டார். அவரை ‘அஸ்கோல்த்’ குரூசருக்கு அனுப்பினார். பின்னாளில் உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படையின் தலைவராகிச் சுடப்பட்ட அதே கொல்சாக்.

ஏப்ரல் 12 இரவு, மழையும் இருளுமாக, துறைமுகத்துக்கு வெளியே சில கப்பல்களின் நிழல் தெரிந்தது. காவலில் இருந்த ‘தியானா’ குரூசரில் அன்று மகாரோவே இருந்தார். சுடலாமா என்று கேட்டார்கள். அன்று இரவு சொந்த நாசகாரிக் கப்பல்களும் வெளியே போயிருந்தன, வழி தவறி நிற்பது நம் ஆட்களாக இருக்கலாம். வேண்டாம் என்றார். வந்தது ‘கோர்யோ மாரு’. அது கண்ணிவெடிகளை இறக்கிவிட்டுப் போனது.

விடிந்தது. வெளியே போயிருந்த ‘ஸ்த்ராஷ்னி’ என்ற நாசகாரிக் கப்பல் இருட்டில் ஜப்பானியக் கப்பல்களைத் தன்னுடையவை என்று நம்பிப் பின்தொடர்ந்து, விடியலில் அவற்றின் நடுவில் சிக்கி அழிந்தது. பிழைத்தவர்களை மீட்க ஒரு குரூசர் போனது. அதற்குத் துணையாக மகாரோவ் கொடிக்கப்பல் ‘பெத்ரோபாவ்லோவ்ஸ்க்’கில் வெளியே வந்தார். முதல்நாள் நிழல்கள் தெரிந்த கடற்பரப்பைக் கண்ணிவெடிக்குத் துழாவாமலே வந்தார். தூரத்தில் ஜப்பானிய அட்மிரல் தோகோவின் முழுப்படையும் தெரிந்ததும், கரைப் பீரங்கிகளின் பாதுகாப்புக்குத் திரும்பினார். காலை பத்து மணிக்குச் சற்று முன் அணியத்துக்கு அடியில் கண்ணிவெடி வெடித்தது. கூடவே உள்ளே இருந்த வெடிமருந்துக் கிடங்கும் வெடித்தது. இரண்டு நிமிடத்தில் கப்பல் இல்லை. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் சுமார் 80. அட்மிரலின் மேலங்கி மட்டும் மிதந்து கிடைத்தது.

இறந்தவர்களில் ஓவியர் வசீலி வெரஷ்சாகினும் ஒருவர். போரின் கோரத்தை வரைந்து உலகப் புகழ் பெற்றவர், மகாரோவின் பழைய நண்பர். நமக்கும் தெரிந்தவர்தான்: 1870களில் இந்தியா வந்து தாஜ்மகாலை வரைந்தார். வேல்ஸ் இளவரசரின் ஜெய்ப்பூர் ஊர்வலத்தை வரைந்த அவருடைய பிரம்மாண்ட ஓவியம் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கிறது.

அதே காலையில், அதே கடலில், ‘பபேதா’ என்ற இன்னொரு போர்க்கப்பலும் கண்ணிவெடியில் மோதியது. ஓட்டை விழுந்தது, சாய்ந்தது, ஆனால் தானே நகர்ந்து துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. மகாரோவ் வாழ்நாள் முழுக்கப் பேசியது ‘பபேதா’வுக்கு நேர்ந்த வகை விபத்தைப் பற்றி. ஓட்டையைக் கணக்குப் போட்டு அடைக்கலாம், புகுந்த நீரைத் தடுத்து நிறுத்தலாம், எதிர்ப்பக்க அறையில் நீர் நிரப்பிச் சாய்வை நிமிர்த்தலாம். வெடிமருந்துக் கிடங்கே வெடித்தால் அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சாது.

அவர் உயிரோடு இருந்திருந்தால் போர் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று ரஷ்யாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அவர் தலைமையில் இருந்தது 36 நாள். அந்த 36 நாளில் படை எழுந்து நின்றது உண்மை, அவர் போனதும் மறுபடி துறைமுகத்துக்குள் சுருண்டதும் உண்மை. ஒரு மாதம் கழித்து, மே 15 அன்று, ரஷ்யக் கண்ணிவெடிகளில் சிக்கி ஜப்பானின் ஆறு பெரிய போர்க்கப்பல்களில் இரண்டு, ‘ஹட்சுசே’யும் ‘யாஷிமா’வும், ஒரே நாளில் மூழ்கின. எதிரி தடுமாறி நின்ற அந்தக் கணத்தில் படையோடு வெளியே பாய ஆள் இல்லை. மகாரோவ் இருந்திருந்தால் பாய்ந்திருப்பார். வென்றிருப்பாரா என்பது வேறு கேள்வி. போதுமான பழுதுபார்ப்புத் துறை இல்லாத துறைமுகம், 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் தலைநகரம், பயிற்சிக்குக் காசில்லை என்று ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட கப்பல்கள். இவற்றை ஒரு மனிதரின் ஓட்டத்தால் ஈடுகட்டியிருக்க முடியுமா? போதாக்குறைக்கு, கடைசி இரவில் தவறிய ஆளும் அவரேதான். எல்லா இடத்திலும் தானே நிற்பவர் அவர். நாசகாரிக் கப்பலை மீட்கவும் தானே, இரவுக் காவலுக்கும் தானே. தூக்கமில்லாத தளபதிக்கு மறுநாள் காலை ஒரு சின்ன உத்தரவு, ‘அந்த இடத்தைத் துழாவுங்கள்’ என்ற உத்தரவு, விட்டுப்போனது.

ஜப்பானில் அவர் மறைவுக்கு இரங்கியவர்கள் உண்டு. இளம் கவிஞர் இஷிகாவா தகுபோகு எதிரி அட்மிரலுக்கு இரங்கற்பா எழுதினார். க்ரோன்ஸ்டாட்டில் 1913இல் எழுப்பிய சிலையில் ‘போரை மறவாதே’ என்று பொறித்திருக்கிறார்கள். ‘யெர்மாக்’ அவரைவிட 60 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது. 1938இல் ஆர்க்டிக் பனித்திட்டில் மிதந்த சோவியத் ஆய்வாளர்களை மீட்கப் போன கப்பல்களில் அதுவும் ஒன்று. 1960களில்தான் உடைத்தார்கள்.

இப்போது கருங்கடலில் ரஷ்யாவுக்கு ‘அட்மிரல் மகாரோவ்’ என்ற போர்க்கப்பல் இருக்கிறது. அதன் உடன்பிறப்புக் கப்பல் ஒன்றின் பெயர் ‘அட்மிரல் எஸ்ஸென்’. கலினின்கிராடில் கட்டிய இந்த வரிசைக் கப்பல்களின் விசையாழிகள் (டர்பைன்கள்) வந்தது உக்ரைனின் மிக்கோலாயிவ் ஊரிலிருந்து, மகாரோவ் பிறந்த ஊரிலிருந்து. 2014க்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு விசையாழி தருவதை நிறுத்தியது. எந்திரம் இல்லாமல் நின்ற மிச்சக் கப்பல்களில் இரண்டை இந்தியா வாங்கிக்கொண்டது. உக்ரைனிடம் தனியாக விசையாழி வாங்கி, அதை ரஷ்யத் துறைக்கு அனுப்பிப் பொருத்த வைத்தது. ‘ஐஎன்எஸ் துஷில்’ 2024 டிசம்பரிலும் ‘ஐஎன்எஸ் தமால்’ 2025 ஜூலையிலும் நம் கடற்படையில் சேர்ந்தன.